380 ரூபாய்க்கு வாங்கிய யெஸ் பேங்க்

அன்புள்ள சார்,

2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு 600, தலா 380 ரூபாய்க்கு வாங்கினேன். மறுவருடம் 90-க்கு இறங்கியதும் ஆவரேஜ் செய்கிறேன், அதாவது சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று இன்னும் 400. மொத்தம் 2,64,000 ரூபாய். இப்போது 21-ல் நிற்கிறது. “விற்றால்தானே நஷ்டம், கிடக்கட்டும்” என்கிறார் மைத்துனர். மகளின் கல்லூரிச் செலவுக்காகப் பல வருடம் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டை (பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) இந்த வருடம் விற்றேன், நான்கு லட்சம் லாபம். அதில் கொஞ்சம் போட்டு மறுபடி ஆவரேஜ் செய்யலாமா, இல்லை விற்றுவிடலாமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

380 திரும்ப வரும் என்றுதான் காத்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் வாங்கியபோது அந்த வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 230 கோடி. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்ட பிறகு ஸ்டேட் பேங்கும் வேறு சில வங்கிகளும் 10 ரூபாய் விலையில் புதுப் பங்குகள் வாங்கின. அதே வருடம் ஜூலையில் 12 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டு 15,000 கோடி திரட்டினார்கள். அதிலேயே 1,250 கோடி பங்குகள் கூடின. இன்று மொத்தம் 3,100 கோடிக்கு மேல். வங்கி பிழைத்தது, உங்கள் பங்கு கரைந்தது. நீங்கள் வாங்கிய அன்று இருந்த சந்தை மதிப்பை (எல்லாப் பங்குகளின் மொத்த விலை), அதாவது சுமார் 87,000 கோடியை, வங்கி முழுசாக எட்டினால்கூட ஒரு பங்கு 28 ரூபாய்தான் வரும். 380 வர வேண்டுமானால் மதிப்பு கிட்டத்தட்ட 12 லட்சம் கோடி ஆக வேண்டும்.

ஜப்பானின் சுமிடோமோ மிட்சுயி வங்கி 2025-ல் பங்கு வாங்கி உள்ளே வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது, 21.50-க்கு. இனி விலை இரட்டிப்பானால் அவர்களுக்குக் கொண்டாட்டம். உங்கள் அடக்க விலை 264.

ஆவரேஜ் வேண்டாம். இன்னும் 1,000 பங்கு வாங்கினால் சராசரி 142-க்கு இறங்கும், திரையில் சிகப்பு கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான்.

மைத்துனர் பேச்சுக்கு வருகிறேன். விற்றால்தான் நஷ்டம் என்பது வருமான வரிச் சட்டத்துக்கும் பொருந்தும், ஆனால் அவர் நினைக்கிற பக்கத்தில் இல்லை. உங்கள் நான்கு லட்சம் நீண்டகால லாபம், அதாவது ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றது. அதில் வரி விலக்கான 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம் வரி: 34,375 ரூபாய், அதன் மேல் போடும் செஸ் தனி. யெஸ் பேங்கை விற்றால் 2,43,000 ரூபாய் நீண்டகால நஷ்டம் கணக்கில் ஏறும். அதை லாபத்தில் கழித்தால் வரி 4,000 ரூபாய்தான். பங்குகளை விற்றுக் கைக்கு வருவது 21,000. வரியில் மிச்சம் 30,000-க்கு மேல். உங்களிடம் இருப்பதில் பங்கைவிட நஷ்டம்தான் விலை கூடியது!

எல்லோருக்கும் இது பொருந்தாது. லாபம் 1.25 லட்சத்துக்குள் இருப்பவர் விற்றால் வரியில் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் நஷ்டத்தைக் கழித்த பிறகுதான் அந்த விலக்கு. நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். கழிக்காமல் மிஞ்சுவதை எட்டு வருடம் கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால்.

இத்தனை வருடம் விட்டுவிட்டோமே என்று புழுங்க வேண்டாம். 2020 மார்ச்சில் 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களுக்கு முக்கால்வாசியை 2023 மார்ச் வரை விற்க முடியாதபடி பூட்டிவைத்திருந்தார்கள். அதுவரை உங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஃபண்டை விற்ற அதே நிதியாண்டுக்குள், மார்ச் 31 வரை காத்திராமல், யெஸ் பேங்கை விற்றுவிடுங்கள். முழுசாக விற்க மனசு கேட்கவில்லையென்றால் 600 மட்டும் விற்கலாம். டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு, அதனால் 380 ரூபாய்ப் பங்குகளே போகும். 2,15,400 ரூபாய் நஷ்டம் அதிலேயே வந்துவிடும். மீதி 400-ஐ மைத்துனருக்காக வைத்துக்கொள்ளுங்கள்.