பக்கத்துக் காணியில் கட்டடம், நடுவில் வாடகைக் குடும்பம்

கேள்வி: அலஸ்தோட்டத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்துக் காணியில் விருந்தினர் விடுதி ஒன்று எழும்புகிறது. இரவு பதினொரு மணி வரைக்கும் கொங்கிரீட் மிக்ஸர் ஓடுகிறது, கச்சான் காற்றுக்குச் சீமெந்துத் தூசு எங்கள் கிணற்றுக்குள் வந்து விழுகிறது, மகனுக்கு முட்டு (மூச்சிழுப்பு) கூடிவிட்டது. போன கிழமை அறைச் சுவரும் வெடித்துவிட்டது. கேட்கப் போனால், "நீங்கள் வாடகைக்கு இருக்கிற ஆட்கள்தானே, வீட்டுக்காரர் வந்து கதைக்கட்டும்" என்கிறார்கள். அவரோ வெளிநாட்டில். வாடகையை நிறுத்தினால்தான் அவருக்கு உறைக்கும் என்கிறார் கணவர். நிறுத்தலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: நிறுத்தவே வேண்டாம். கட்டுகிறவர் வேறு ஆள், வாடகை வாங்குகிறவர் வேறு ஆள். நீங்கள் நிறுத்தினால் விடுதிக்காரருக்கு ஒரு சதமும் நட்டமில்லை, உங்களை எழுப்பத்தான் வீட்டுக்காரருக்குக் காரணம் கிடைக்கும். இன்னொன்று, அந்த ஒப்பந்தம் நொத்தாரிசு எழுதியதா என்று எடுத்துப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெறுமனே முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடதாசி என்றால், அதில் ஒரு வருடம் என்று இருந்தாலும் நீங்கள் மாதா மாத வாடகைக்காரர்தான். நம் ஊரில் பல பேருக்கு இது தெரியாமல்தான் வீட்டுக்காரரோடு முட்டிக்கொண்டு, பிறகு அவசரத்தில் வீடு தேடி அலைகிறார்கள்.

வெடிப்பு விஷயத்தில் வீட்டுக்காரர் கட்டாயம் வர வேண்டும். சுவர் அவருடையது, திருத்துவதும் பக்கத்துக்காரரிடம் நட்டஈடு கேட்பதும் அவர் பாடு. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதி, படம் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள், கிழமைக்கு ஒரு தடவை அப்படியே செய்யுங்கள். தெரியப்படுத்தவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அதே செய்தியில் கேட்பதிலும் தவறில்லை.

ஆனால் சத்தம், தூசு, கிணறு இதற்கெல்லாம் வீட்டுக்காரர் வந்து கதைக்கட்டும் என்பது சுத்தப் பொய். அந்த வீட்டில் படுத்து எழும்புகிறவர் நீங்கள், முறைப்பாடு செய்யக் காணி உறுதி உங்கள் பெயரில் இருக்கத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் கட்டட வேலைக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று எல்லை இருக்கிறது, அதுவும் அவர்களுடைய காணி எல்லையில் வைத்து அளப்பது. ஐம்பது என்பது சும்மா ஆட்கள் கதைக்கிற சத்தத்தை விடக் குறைவு, மிக்ஸர் எங்கே அதற்குள் அடங்கப் போகிறது! இரவில் ஓடும்போதே பொலிஸின் 119க்கு எடுங்கள், எந்த நாள் எத்தனை மணி வரை ஓடியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் கட்டட அனுமதி. இரண்டு மாடிக்கு அனுமதி எடுத்துவிட்டு மூன்றாவதை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதியின் பிரதியை உள்ளூராட்சி சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். வாடகைக்காரரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பீ.எச்.ஐ.) சொல்லுங்கள், நுளம்பு பெருக விடுவது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கிணற்று நீர் பற்றியும் அவரிடமே கேளுங்கள், அதுவரை கிணற்றுக்கு வலை போட்டு, குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அக்கம்பக்கத்தவருக்கும் இதே தொல்லை என்றால் சேர்ந்து கையெழுத்து வையுங்கள். பொதுத் தொல்லை என்று காட்ட முடிந்தால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவானே கட்டளை போடலாம். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி தரும். போகும்போது மகனின் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள், எந்தத் திகதியிலிருந்து முட்டு கூடியது என்பது அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரரே மேல்மாடி கட்டுகிறார். குசினிக் கூரையைக் கழற்றிவிட்டு முழு வாடகையும் கேட்கிறார்.
– வாசகர், உவர்மலை

பதில்: இது வேறு. வாடகை வாங்குகிறவர் உங்களை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க விட வேண்டும் என்பது நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படை. குசினி இல்லாத காலத்துக்கு ஏற்றபடி வாடகையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்களாகக் கழித்துக் கொடுக்காதீர்கள். தொகையைச் சொல்லிப் பதிவுத் தபாலில் கேளுங்கள், ஒத்துவராவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு மத்தியஸ்த சபைக்குப் போங்கள்.