பெரிய குழலுக்கு எந்த மருந்து? உவர்மலைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறேன். துவக்கு உரிமம் எடுத்து இரண்டு வருடமாக வேட்டைக்குப் போகிறேன். போன மாதம் பழைய ஹஸ்க்வார்னா துவக்கு ஒன்று வாங்கினேன், 9.3×62 தோட்டாவுக்கு உரியது. கடைத் தோட்டாவின் விலை கையைக் கடிக்கிறது, கிடைப்பதும் அருமை. நானே தோட்டா கட்டலாம் என்று சாமான்களை வாங்கிவிட்டேன். 286 கிறெயின் எடையுள்ள சன்னம் (குழலில் இருந்து பறக்கும் குண்டு) இருக்கிறது. கடையில் எச் 4895, வார்கெட், எச் 4350 என்று மூன்று மருந்து (தோட்டாவுக்குள் எரியும் வெடிமருந்து) உண்டு. என்னோடு வரும் நண்பர் தன் .30-06 தோட்டாவுக்கு எச் 4350 போடுகிறார். இரண்டும் ஏறத்தாழ ஒரே கோதுதானே (மருந்தை அடைக்கும் கூடு), நானும் அதையே போடலாமா? எத்தனை கிறெயின்? இன்னொன்று, டிசம்பரில் ஊருக்கு வரும்போது அப்பாவுக்குக் காட்ட ஒரு தோட்டா கொண்டுவரலாமா?

பதில்: தம்பி, எத்தனை கிறெயின் என்பதை நான் எழுதப்போவதில்லை. கோபிக்காதீர்கள். அந்த எண் உங்கள் சன்னத்துக்கும் கோதுக்கும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் சேர்ந்து பரிசோதனைக்கூடத்தில் அளந்து எடுத்த எண். அது சன்னம் செய்தவர் அச்சிட்ட கையேட்டிலும் மருந்து விற்பவர் தரும் அட்டவணையிலும் இருக்கிறது. என் வாயில் இருந்து வந்தால் அது செவிவழிச் செய்தி. ஐந்து ஆறாக மாறுவதற்கு ஒரு விரல் தவறினால் போதும்.

இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. வீட்டில் தோட்டா கட்டுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை, நீதிமன்ற வழக்கு. நான் இதைக் கற்றது அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மலைகளில் மரை வேட்டையாடிய காலத்தில். (நம்மூர் மரையேதான். 1860களில் கப்பலேறிப் போய் அங்கே பெருகிவிட்டது.) திருகோணமலைக்குத் திரும்பிய பிறகு கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு வாழைப்பழத்தோல் போடுவதோடு என் வேட்டை முடிந்துவிட்டது.

சரி, மருந்துக்கு வருவோம். ஆனால் அதற்கும் முன்னால் துவக்கு. ஹஸ்க்வார்னா 9.3×57 என்ற தோட்டாவுக்கும் துவக்கு செய்தது. சன்னம் ஒரே குறுக்களவு, கோது ஐந்து மில்லிமீற்றர் கட்டை, அழுத்தமும் குறைவு. பழைய துவக்கில் முத்திரை தேய்ந்திருக்கும், சில சமயம் யாராவது தோட்டா உட்காரும் அறையைக் கடைந்து நீட்டியும் இருப்பார்கள். விற்றவர் சொன்னார் என்று நம்பாமல், துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து அறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 9.3×62க்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 3900 பார். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்த 3900 பார் நிற்கப்போகிறது.

இனி நண்பரின் எச் 4350. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெர்லின் துவக்குக் கம்மியர் ஓட்டோ பொக், ஆபிரிக்காவில் குடியேறிய ஜெர்மன்காரர்களுக்காக, சாதாரண மவுசர் துவக்கிலேயே அடங்கும் ஒரு பெரிய தோட்டாவாக 9.3×62ஐ 1905இல் கொண்டுவந்தார். .30-06 அதற்கு அடுத்த வருடம் பிறந்தது. இரண்டின் கோதுகளும் உயரத்திலும் பருமனிலும் அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே கொள்ளும் மருந்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வாயில்தான். .30-06 சன்னத்தின் குறுக்களவு 0.308 அங்குலம், 9.3க்கு 0.366. பார்க்கச் சின்ன வித்தியாசம். பரப்பளவாகக் கணக்குப் போடுங்கள், நாற்பது வீதத்துக்கு மேல் கூடுதல்.

சன்னம் குழலில் ஓர் அங்குலம் நகர்ந்தால், அதன் பின்னால் வாயுவுக்குத் திறக்கும் இடமும் அதே நாற்பது வீதம் கூடுதல். ஆகவே அழுத்தம் அவ்வளவு விரைவாகத் தளர்ந்துவிடும். அதை ஈடுகட்ட மருந்து சற்று வேகமாக எரிந்து வாயுவைக் கொடுக்க வேண்டும். அடுப்பை நினைத்துப் பாருங்கள். பனையோலை குப்பென்று எரிந்து அடங்கிவிடும், பாலை விறகு நின்று எரியும், பொச்சுமட்டை புகைந்துகொண்டே கிடக்கும். வாய் குறுகிய பானைக்கு நின்று எரியும் விறகு சரி. வாய் அகன்ற சட்டியில் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும், அதற்குக் கொஞ்சம் விரைவாக எரிவது வேண்டும். அதே கோதில் குழல் பெருத்தால் வேகமான மருந்து, அதே குழலில் சன்னம் கனத்தால் மெதுவான மருந்து. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் கையேட்டில் ஒவ்வொரு மருந்தும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் மூன்றில் வேகமானது எச் 4895. அடுத்தது வார்கெட். மெதுவானது எச் 4350. 180 கிறெயின் சன்னம் வைத்த .30-06க்கு எச் 4350 அருமையான மருந்து, உங்கள் நண்பர் விசயம் தெரிந்தவர்தான். அதையே உங்கள் 9.3இல் போட்டால் பெரும்பாலும் கோது கழுத்துவரை நிறைந்த பிறகும் அழுத்தம் முழுதாக ஏறாது, வேகம் கொஞ்சம் மந்தமாக வரும். ஆபத்து அதில் இல்லை. ஆபத்து மறுபக்கம். உங்கள் 9.3க்கு அளந்த வார்கெட்டை அதே அளவில் நண்பர் தன் .30-06க்குள் கொட்டினால் துவக்கு தாங்காமல் போகலாம். ஒரே மேசையில் இரண்டு பேர் தோட்டா கட்டுவதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

என்னைக் கேட்டால் வார்கெட். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் என் காரணம் வேகம் இல்லை. 286 கிறெயின் சன்னத்தோடு கோதை நன்றாக நிரப்புகிற மருந்து அது. கோது நிறைந்தால் இரண்டு நன்மை. ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து ஒரே மாதிரிக் கிடக்கும், பற்றுவதும் ஒரே மாதிரி. அடுத்தது, கவனம் சிதறி ஒரே கோதுக்குள் இரண்டு தடவை மருந்து ஊற்றினால் அது வழிந்து மேசையில் கொட்டும், உங்கள் கண்ணில் படும். கோதில் பாதிக்குள் அடங்குகிற வேகமான மருந்து அந்த எச்சரிக்கையைத் தராது. புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய காப்புறுதி இல்லை.

மற்றக் காரணம் குளிர். கோடைற் என்ற பழைய பிரிட்டிஷ் மருந்து வெயிலுக்கு மிகவும் கூச்சப்படும். வெள்ளைக்காரர் இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் கொண்டுபோன பெரிய துவக்குகளுக்குத் தோட்டாக் கோதுகள் அவ்வளவு நீளமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்: அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருந்தால், வெயிலில் ஏறினாலும் துவக்கு தாங்கும், வெற்றுக் கோதும் இறுகாமல் கழன்று வரும். உங்களுக்கு அதே பிரச்சினை தலைகீழாக. ஆவணி மாத வெயிலில் குறி பார்த்துச் சரிசெய்துவிட்டு, கார்த்திகையில் உறைபனியில் மூஸ் என்ற பெரிய மானுக்கு முன்னால் நிற்பீர்கள். விக்டோரியாவில் நான் முதலில் பாவித்தது உருண்டை மணி மருந்து. அளவைக் குழாயில் தண்ணீர் மாதிரி ஓடும், அளப்பது சுகம். ஆனால் வாகனத்தின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்த தோட்டாவுக்கும் விடியப்புறத் தோட்டாவுக்கும் வேகத்தில் இருந்த வித்தியாசத்தைக் கண்ட பிறகு அதை விட்டுவிட்டேன். எல்லா உருண்டை மருந்தும் அப்படி என்று சொல்ல மாட்டேன். உங்கள் மூன்றும் குச்சி மருந்துகள், வெப்பநிலைக்கு அதிகம் அசையாத வகை. அளக்கும்போது குச்சிகள் கறகறவென்று வெட்டுப்படும், அவ்வளவுதான் தொல்லை.

அமெரிக்க ஹொட்ஜ்டன் நிறுவனத்தின் டப்பாவில் விற்றாலும் வார்கெட் பிறந்த இடம் அவுஸ்திரேலியாவின் முல்வாலா. அங்கே அதன் பெயர் ஏஆர் 2208. பெயர் விசயத்தில் கவனம் வேண்டும். எச் 4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. எச் 4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் அப்படியே. ஒரே வகுப்பில் இரண்டு கணேசன் இருந்த மாதிரி, அடி வாங்க வேண்டியவன் ஒருவன், வாங்குகிறவன் மற்றவன். எரிவேக வரிசைப் பட்டியலில் இரண்டு மருந்து பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்கு எடுக்கக்கூடாது. கடையில் வார்கெட் தீர்ந்துபோனால் எச் 4895ஐ எடுங்கள், அதன் சொந்த அட்டவணையோடு. பின்னால் மெதுவான பயிற்சித் தோட்டா கட்ட ஆசை வந்தாலும் அது உதவும். அளவைக் குறைத்துப் பாவிக்க மருந்து விற்பவரே முறை சொல்லித் தந்திருப்பது அதற்குத்தான். மெதுவான மருந்துகளை இஷ்டத்துக்குக் குறைக்கக்கூடாது. கூட்டினால்தானே ஆபத்து என்று நினைப்பார்கள், குறைத்தாலும் பற்றுதல் கோளாறாகி அழுத்தம் எகிறலாம்.

அளப்பது பற்றி. நம் பக்கத்து வேட்டைக்காரர் இடியன் துவக்குக்குக் கரிமருந்தைக் கண்ணளவில் போட்டு, தும்பு வைத்து இடிப்பதை உங்கள் அப்பா பார்த்திருப்பார். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. புகையற்ற மருந்தின் எரிவேகமே அழுத்தத்தோடு ஏறும், அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். அதனால் உச்ச அளவுக்குக் கிட்டப் போகும்போது ஒரு சிட்டிகைகூடக் கணக்கு. ஒரு பவுண் எட்டுக் கிறாம், ஏறத்தாழ 123 கிறெயின். உங்கள் சன்னம் மட்டும் இரண்டேகால் பவுணுக்குச் சற்று மேல். நீங்கள் அரைக் கிறெயின் கூட்டிக் குறைக்கப்போகிறீர்கள், அது ஒரு பவுணில் இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கு வரும். பொற்கொல்லர் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தராசைத் தொடுவாரே, அந்த ஒழுக்கம் வேண்டும். சோதனைப் படிக்கல் ஒன்று வாங்கி ஒவ்வொரு முறையும் தராசைச் சரிபாருங்கள்.

தொடக்க அளவில் இருந்து தொடங்குங்கள். கையேட்டில் உச்ச அளவு மட்டும் இருந்தால் பத்து வீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். அரைக் கிறெயின் படியாக ஏறி, ஒவ்வொரு படிக்கும் மூன்று தோட்டா. துவக்கின் அறையைப் பூட்டும் போல்ட் தூக்க இறுகினாலோ, கோதின் அடியில் பளபளவென்று தேய்ந்த அடையாளம் விழுந்தாலோ, அத்தோடு நிறுத்துங்கள். ஆனால் இந்த அடையாளங்களையே நம்பி ஏறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அவை தெரிய வரும்போது எல்லை தாண்டிப் போயிருக்கும். சன்னத்தின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்று வாங்குங்கள். உங்கள் வேகம் கையேட்டின் வேகத்தைத் தொட்டுவிட்டால், மருந்து அளவு இன்னும் குறைவாக இருந்தாலும் அழுத்தமும் அங்கே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடைக்கிற வேகம் என்று ஒன்று கிடையாது. பிரைமரையோ கோதின் தயாரிப்பையோ மாற்றினாலும் மறுபடி கீழே இருந்துதான். முழுச் செம்புச் சன்னத்துக்கு ஈயச் சன்னத்தின் அட்டவணை ஆகாது. அதே எடைக்குச் செம்பு நீளம், கோதுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு வேகம் போதும்? நொடிக்கு 700 மீற்றர் அளவில் போகும் 286 கிறெயின் சன்னம் 200 மீற்றருக்குள் நிற்கும் மூஸுக்குத் தாராளம். இன்னும் 20 மீற்றர் வேகத்துக்காக உச்சத்தைத் தொடுவது பழைய இரும்புக்கு நல்லதில்லை, மூஸுக்கும் வித்தியாசம் தெரியாது. காசைச் சன்னத்தில் போடுங்கள். அமெரிக்க வேட்டைக்காரர் ஜோன் நொஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டபோது தடைப்பட்டது வேகத்தால் இல்லை. சன்னம் சேறு பூசிய தோலிலேயே உடைந்து உள்ளே போகவில்லை. நடுவில் தடுப்பு வைத்த பார்ட்டிசன் சன்னம் அந்த ஏமாற்றத்தில் பிறந்தது.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு நாள் இரவு வேலையைப் பாதியில் விட்டு, அளவைக் குழாயில் மருந்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டேன். இரண்டு கிழமை கழித்து வந்து பார்த்தால் மேசையில் இரண்டு டப்பா. குழாயில் இருப்பது எதிலிருந்து வந்தது? குச்சியின் நீளத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. அந்த ‘போல’வுக்குப் பயந்து முழுவதையும் ரோசாச் செடிகளுக்குப் பசளையாகப் போட்டேன். அன்றிலிருந்து மேசையில் ஒரு டப்பாதான், எழும்பிப் போகும் முன்னால் மிச்சம் அதே டப்பாவுக்குள்.

அப்புறம், அப்பாவுக்குத் தோட்டா. கொண்டுவராதீர்கள். வெற்றுக் கோதாக இருந்தாலும் கட்டுநாயக்காவில் நின்று விளக்கம் சொல்லவேண்டி வரும், விடுமுறையில் அது வேண்டாத வேலை. படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு பவுண் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு அவருக்கு உடனே விளங்கும்.