மகள் சட்டமன்றம் போக ஆசைப்படுகிறாள்: நிபோங் திபால் தகப்பனாருக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) முடிவுக்குக் காத்திருக்கும் உங்கள் மகள், அரசியல் அறிவியல் படித்து, விரிவுரையாளராகி, அப்புறம் சட்டமன்ற உறுப்பினராக வேண்டும் என்கிறாள். "செம்பனைத் தோட்டத்தில் உழைத்துப் படிக்க வைப்பது அரசியலுக்கு அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவள் ஆசையும் விளையாட்டானது இல்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். விரிவுரையாளர் வேலைக்குப் படித்துத் தகுதி பெறலாம். சட்டமன்றப் பதவிக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை, எந்தப் பட்டமும் அதை வாங்கித் தராது. பெரும்பாலும் ஒரு கட்சி வேட்பாளராக நிறுத்த வேண்டும், மக்கள் ஓட்டுப் போட வேண்டும். வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). எட்டில் ஒரு பங்கு ஓட்டுக்கூட வாங்காவிட்டால் அது போய்விடும். ஒரு தவணை அதிகபட்சம் 5 ஆண்டுதான். ஆகவே பதவி இல்லாத நாளிலும் அவளுக்குச் சோறு போடும் படிப்பும் வேலையும் முதலில் கைக்கு வரவேண்டும். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

நம் பினாங்கு மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. பேராசிரியர் பி. இராமசாமி சித்தியவானில் பிறந்தவர். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தவர். தோட்டத் தொழிலாளர்களையும் தொழிற்சங்கங்களையும் பற்றி ஆய்வு செய்தவர். 2008 பொதுத்தேர்தலில் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியிலும் பிறை சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சர் ஆனார். பத்து காவானில் அவரிடம் தோற்றவர் டாக்டர் கோ சு கூன். 1990 முதல் அதுவரை முதலமைச்சராக இருந்த அவரும் யூ.எஸ்.எம்-இல் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பாடம் நடத்தியவர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக, படித்தவருக்கு அரசியலில் இடமில்லை என்பது பினாங்கில் எடுபடாத பேச்சு. அதே சமயம், 2023இல் இராமசாமியைக் கட்சி மீண்டும் நிறுத்தவில்லை. 15 ஆண்டுப் பதவி அத்தோடு முடிந்தது. அவருடைய ஆய்வும் பேராசிரியர் என்ற பெயரும் அவரோடுதான் இருக்கின்றன. மகளிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

படித்தவர் சட்டமன்றத்துக்குப் போய் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். தமிழ்ப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர், பாடத்திட்டம் எல்லாம் கல்வி அமைச்சின் கையில். பள்ளி நிற்கும் நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில் வருகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அப்படித்தான் பிரித்திருக்கிறது. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வரும்போது, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதி தருவது மாநில அரசு. அந்த நேரத்தில் லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருப்பவர்கள் எங்கே போவார்கள், கோயிலுக்கு எவ்வளவு இடம், பள்ளிக்குத் தனிப் பட்டா உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்க ஓர் ஆள் வேண்டும். நிலப் பட்டாவில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் படித்துப் புரிந்துகொள்பவர், பழைய கோப்பைத் தேடி எடுப்பவர், மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று புள்ளிவிவரத்தோடு கேட்பவர். ஆய்வுப் பயிற்சி இதற்குத்தான் உதவும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த நிலத்தின் கதையும் சேர்ந்தே தெரியும். இப்படிப்பட்டவர்கள் நமக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

மீதி வேலை, சட்டமன்ற உறுப்பினர் தொகுதியில் நடத்தும் சேவை மையத்தில். கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, சமூகநல உதவிப் பாரம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டை. இதில் பல மாநில அதிகாரத்தில் வராதவை, ஆனாலும் மக்கள் இங்கேதான் வருவார்கள். பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது.

சரி, இப்போது என்ன படிப்பது? பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புகளில், மெட்ரிகுலேசன் பெரும்பாலும் அறிவியல், கணக்கியல் பிள்ளைகளுக்கானது. உங்கள் மகளுக்குப் பள்ளியிலேயே தொடரும் படிவம் 6 பொருந்தும். கட்டாயப் பாடமான பெங்காஜியான் அம் (பொதுப் பாடம்) போக, வரலாறு, பொருளியல், மலாய் மொழி எடுக்கலாம். மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வைச் சீக்கிரமே எழுதட்டும். யூ.எஸ்.எம். என்றதும் நம் ஊரில் இருப்பதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இருப்பது பொறியியல் வளாகம். சமூக அறிவியல் துறை தீவில், மிண்டனில். வாரக் கடைசியில் பிள்ளை வீட்டுக்கு வந்துபோகும் தூரம்தான்.

மலாய் மொழியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டமன்ற விவாதம் மலாயில்தான். எழுதி வைத்துப் படித்தால் போதாது, குறுக்கே ஒருவர் எழுந்து கேட்டாலும் நின்று பதில் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான். படிவம் 6இல் சேர்ந்ததுமே பள்ளி விவாதக் குழுவில் சேரட்டும்.

கட்சியில் சேர்ந்தால் பல்கலைக்கழகத்தில் இருந்து நீக்கிவிடுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். அது பழைய நிலைமை. 2012இல் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி மாணவர் கட்சியில் சேர இடம் கொடுத்தார்கள். 2018இல் செய்த திருத்தத்தால் வளாக அரசியலுக்கு இருந்த தடையும் போய்விட்டது. இருந்தாலும் முதல் இரண்டு ஆண்டு அவள் படிப்பில் ஊன்றுவதே நல்லது என்பது என் கருத்து. விடுமுறையில் ஏதாவது ஒரு சேவை மையத்தில் உதவிக்குப் போகட்டும். எந்தக் கட்சி என்பது இப்போதைக்கு முக்கியம் இல்லை.

விரிவுரையாளராக முனைவர் பட்டம் வரை போகவேண்டியிருக்கும், முப்பது வயதாகிவிடும். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அரசியல் ஈடுபாட்டுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தேர்தலில் நிற்பதென்றால் வேலையை விடவேண்டி வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். நடுவில் வேறு வாசல்களும் உண்டு: சட்டமன்ற உறுப்பினரின் ஆய்வு அதிகாரி, ஊராட்சி மன்ற உறுப்பினர். 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்திய பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. செபராங் பிறை மாநகர் மன்றத்தில் அப்படி ஒரு தவணை இருந்தால் குப்பை, கடை உரிமம், கட்டட வரைபடம் எல்லாம் அத்துப்படியாகிவிடும்.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் தேர்ச்சித் தாளோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாங்க. அவள் அம்மாவும் வரட்டும். படிவம் 6 பாடங்களை உட்கார்ந்து தேர்ந்தெடுப்போம், பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் எப்போது, எவ்வளவு தேவைப்படும் என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுவிடலாம்.