லயத்து வாசலில் கேட்ட கேள்விகள்

இலங்கை மலையகத்தில் அட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் ஞாயிறு மறைக்கல்வி கற்பித்திருக்கிறேன். கத்தோலிக்கப் போதனை நம் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெளிவாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மஸ்கெலியாவில் இருந்து ஒரு தோட்டத் தலைவர்: சேர், பூசை முடிந்து சம்பளப் பிரச்சினையைப் பேசினால், "கோயிலுக்குள் அரசியலைக் கொண்டு வராதே" என்கிறார்கள். கூலிக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லையா?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது தம்பி. 1891ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலை எழுதினார். தொழிலாளி சங்கம் சேர்வது அவனுடைய இயல்பான உரிமை என்று அதில் சொல்லியிருக்கிறார். கூலி விஷயத்தில் அவர் இன்னும் ஆழமாகப் போகிறார். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது. வேறு வழியில்லாமல், பட்டினிக்குப் பயந்து ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் பலியானவன் என்கிறார். கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன பேச்சு என்று நம்மிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அதற்கு 130 வருடங்களுக்கு முன்பே திருச்சபை பதில் எழுதி வைத்திருக்கிறது.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அப்புறம் பல தோட்டங்களில் கொழுந்தின் நிறையைக் கூட்டிக் கேட்டார்கள். நிறை வராதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. மழையில் அட்டைக்கடி பட்டு நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் போடுவது வெறும் கணக்கு விஷயம் இல்லை. கூலியாளின் கூலியை அநியாயமாகப் பிடித்து வைப்பதை, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றாக நம் மறைக்கல்வி நூல் எண்ணுகிறது. கொலையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

இதை வாழ்ந்து காட்டியவரும் நம் மண்ணிலேயே இருந்தார். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்த இடம் அது. 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்களின் குடியுரிமைக்காகவும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கை மாறவேண்டும் என்பதற்காகவும் அவர் கடைசி வரை பேசினார், எழுதினார். கோயிலுக்குள் சம்பளம் பேசாதே என்று சொல்பவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவையில் இருந்து ஒரு சகோதரர்: நாங்கள் இந்துக்கள். என் அப்பாயி செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கும் போவார். உங்கள் ஆட்கள் இதைத் தப்பாக நினைப்பார்களா?

அப்பாயி தாராளமாக வரட்டும். மற்ற மதங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருக்கிற எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. மாரியம்மன் திருவிழாவில் நம் கத்தோலிக்கப் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தோசமாக இருந்தது.

தலவாக்கலையில் இருந்து ஒரு தாய்: கணவர் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறார், அடிக்கிறார். பெரியவர்களிடம் சொன்னால், கோயிலில் கட்டிய தாலி, சிலுவை என்று நினைத்துச் சுமக்கச் சொல்கிறார்கள். திருச்சபை இதைத்தான் சொல்கிறதா?

இல்லை அம்மா. இந்த ஒரு பதிலை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல ஆசைப்படுகிறேன்.

கத்தோலிக்கத் திருமணம் முறியாதது என்பது உண்மை. ஆனால் முறியாத திருமணம் என்பதற்கு, அடி வாங்கிக்கொண்டு ஒரே காம்பராவில் (அறையில்) கிடக்கவேண்டும் என்று அர்த்தம் இல்லை. துணையின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ, பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து என்றால் மற்றவர் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. ஆயரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பது பொது முறை. தாமதித்தால் ஆபத்து என்றால் அதற்குக் கூடக் காத்திருக்க வேண்டாம். அப்படிப் பிரிந்து இருப்பதால் நீங்கள் நற்கருணை வாங்கத் தடையும் இல்லை. சிலுவை என்பது ஆண்டவர் தாமாக விரும்பி ஏற்றது. அடுத்தவன் தடியை அதோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். கன்னியர் மடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகலாம்.

அப்புத்தளையில் இருந்து ஒரு தங்கை: நான் கத்தோலிக்கர், அவர் இந்து. அவர் மதம் மாறாமல் கோயிலில் கல்யாணம் கட்ட முடியுமா?

முடியும். ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும். பங்குத்தந்தை மூலம் எழுதிக் கேளுங்கள். உங்கள் விசுவாசத்தில் நிலைத்திருக்கவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் முடிந்ததைச் செய்யவும் நீங்கள்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பிள்ளைகள் விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளியா நத்தாரா என்று பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போடக் கூடாது.

பண்டாரவளையில் இருந்து ஒருவர்: என் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனுக்குப் பூசை கிடையாது, சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) இடம் கிடையாது என்று ஊரில் பேசுகிறார்கள்.

உங்கள் துக்கத்தில் நானும் இருக்கிறேன். அது பழைய வழக்கம். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோய், தாங்கமுடியாத பயம், வேதனை இவையெல்லாம் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்று மறைக்கல்வி நூல் சொல்கிறது. அப்படிப் போனவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் எழுதியிருக்கிறது. தம்பியின் பெயரைச் சொல்லியே பூசை கேளுங்கள். வீட்டில் வேறு யாராவது உடைந்து போயிருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

நானுஓயாவில் இருந்து ஒரு இளைஞர்: எல்லாரும் இறைவனின் பிள்ளைகள் என்று பிரசங்கம். திருவிழாவில் சுரூபக் கூடு (புனிதர் சிலையை வைத்துச் சுமக்கும் கூடு) தூக்க மட்டும் சாதி பார்க்கிறார்கள்.

நானும் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். வாயைத் திறக்காமல் நின்றுவிட்டேன், அந்தப் பாரம் இன்னும் மனதில் இருக்கிறது. புனித யோசேவாஸ் அடிகளார் கோவாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் இலங்கைக்குள் வந்தபோது ஏழைக் கூலியாளின் உடையில்தான் வந்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தக்காரர்களே கைவிட்ட நோயாளிகளைத் தன் கையால் கழுவிப் பராமரித்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். யார் என்ன ஆள் என்று கேட்டுக்கொண்டு செய்யவில்லை. அவர் வாழ்ந்து, 1711இல் இறந்த மலைநாட்டில் நின்றுகொண்டு கூடு தூக்கச் சாதி பார்ப்பது அவருக்குச் செய்கிற துரோகம். இந்த முறை கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

டிக்கோயாவில் இருந்து ஒரு அக்கா: தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வேலை நாள். நோன்பு இருந்துகொண்டு கொழுந்து எடுக்கத் தலை சுற்றுகிறது.

நோன்பு என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. பதினெட்டு வயதில் இருந்து ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாள் வரைதான் கடமை. உடம்பு முடியாதவர்களை அது கட்டாயப்படுத்தாது. கடும் வேலை செய்பவர்களுக்குப் பங்குத்தந்தை விலக்குத் தர முடியும், ஒரு வார்த்தை கேளுங்கள். இறைச்சி, கோழி மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். காலையில் ரொட்டியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போங்கள் அக்கா.