ஆசிரியரின் எலும்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் வியட்நாம் சென்றிருந்தோம். மீகாங் கழிமுகத்தில் உள்ள வின் லாங் நகரில் வான் தான் மியூ என்ற கல்விக் கோயிலைப் பார்த்தோம். அசல் சீனக் கோயிலைப் போலவே இருந்ததால் எனக்குச் சற்று ஏமாற்றம். அங்கே ஃபான் தான் ஜியான் என்பவருக்கும் இன்னொரு பழைய ஆசிரியருக்கும் வழிபாடு நடக்கிறது. இந்த ஃபான் 1867இல் ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தவர் என்று வழிகாட்டி சொன்னார். அத்தனை போர்களில் உயிரைக் கொடுத்த ஒரு மக்கள் இவருக்கு எப்படி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்? இவர் தேசபக்தரா, துரோகியா? வியட்நாம் வரலாற்றை அறிய ஒரு நல்ல நூலையும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்தக் கோயிலைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் கேட்கும் மனிதரைப் பற்றி அல்ல, 'இன்னொரு பழைய ஆசிரியர்' என்று பெயர்கூடக் கேட்காமல் நீங்கள் கடந்துபோன மனிதரைப் பற்றி. ஒரு பீடத்தின் முன் நிற்கும்போது அங்கே வணங்கப்படுபவரின் பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர் பெயர் வோ ட்ருவாங் தோவான். அவரை விட்டுவிட்டால் அந்தக் கோயிலும் புரியாது, ஃபானும் புரியமாட்டார்.

கட்டடம் சீனக் கோயிலைப் போல இருக்கிறது என்ற குறைக்கு நீண்ட பதில் தேவையில்லை. கன்பூசியஸை வணங்கும் கல்விக் கோயில் ஹனோயில் 1070இலேயே எழுந்துவிட்டது. எண்ணூறு ஆண்டுகள் தம் அறிஞர்கள் கற்ற எழுத்தையும் நெறியையும் இரவல் பொருள் என்று அந்த மக்கள் கருதவில்லை. நாம் கருத வேண்டியதுமில்லை.

1862 ஜூனில் கையெழுத்தான சைகோன் உடன்படிக்கையின்படி தெற்கின் மூன்று கிழக்கு மாகாணங்களான பியன் ஹோவா, ஜியா டின், டின் துவாங் ஆகியவை பிரான்சின் வசம் சென்றன. வியட்நாம் அரசவையின் சார்பில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் ஃபான். தெற்கிலிருந்து முதன்முதலில் தலைநகர்த் தேர்வில் முனைவர் தகுதி பெற்ற அந்த முதியவர், மறு ஆண்டே பாரிசுக்குக் கப்பலேறி இழந்ததை மீட்டுத் தரும்படி கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பியன் ஹோவாவில் 1715 முதல் இருந்த கல்விக் கோயிலைப் பிரெஞ்சுப் படை 1861இல் அழித்திருந்தது. நீங்கள் பார்த்த வின் லாங் கோயில் இந்த அழிவுக்குப் பிறகு, 1864இல் தொடங்கி 1866இல் கட்டி முடிக்கப்பட்டது. தெற்கில் பாதி நிலம் கைவிட்டுப் போய், மீதியும் எந்நேரமும் போகலாம் என்ற நிலையில், ஃபானும் மாகாணக் கல்வி அதிகாரியான நுயென் தோங்கும் செங்கல்லையும் மரத்தையும் திரட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதே ஆண்டுகளில் அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். வோ ட்ருவாங் தோவான் ஜியா டினில் பள்ளி நடத்தியவர். பதவியை ஏற்காமல் கற்பிப்பதோடு நின்றவர். தெற்கின் பெரும் அறிஞர்களாகவும் அமைச்சர்களாகவும் பின்னாளில் விளங்கிய ட்ரின் ஹோவாய் டுக், லே குவாங் டின் போன்றோர் அவரிடம் படித்தவர்கள். அவர் 1792இல் இறந்து சைகோனை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண் அந்நியருடையதானபோது, ஆசிரியர் அங்கே கிடக்கக் கூடாது என்று இவர்கள் முடிவு செய்தார்கள். கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து, அப்போது வின் லாங் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பா ட்ரி பகுதியின் பாவ் தான் என்ற ஊருக்குக் கொண்டுவந்து, 1867இன் முற்பாதியில் மறு அடக்கம் செய்தார்கள். பாவ் தான் ஃபானின் சொந்த ஊர். கல்வெட்டு வாசகத்தை எழுதியவரும் அவரே.

ஃபான் பிறந்தது 1796இல். தாம் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட, முகத்தைப் பார்த்தேயிராத ஓர் ஆசிரியரின் எலும்புகளுக்காக, எழுபது வயதில், நாடு கையிலிருந்து நழுவும் நேரத்தில் அவர் இதைச் செய்தார். பீரங்கிகள் வாங்க வேண்டிய காலத்தில் எலும்புகளைச் சுமந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்வதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். என் ஆசிரியர் இறந்தபோது நான் வேறோர் ஊரில் ஏதோ அவசர வேலையில் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, நாற்பது ஆண்டுகள் அவர் எழுதிவைத்த குறிப்பேடுகள் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போய்விட்டிருந்தன. அந்த வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உயிரோடு பார்த்த ஆசிரியரின் காகிதங்களைக்கூட நான் காக்கவில்லை. வின் லாங்கில் ஒரு மழைநாளில், அந்த உயர்ந்த மரங்களுக்கு அடியில் நின்றபோது என் நெஞ்சை அடைத்தது அந்த நினைவுதான்.

இனி உங்கள் கேள்வி. மறு அடக்கம் முடிந்த சில வாரங்களில், 1867 ஜூன் 20 அன்று, பிரெஞ்சுப் படகுகள் வின் லாங்கின் முன் வந்து நின்றன. வின் லாங் உள்ளிட்ட மூன்று மேற்கு மாகாணங்களின் பொறுப்பில் இருந்த ஃபான் போரிடாமல் கோட்டையைக் கொடுத்தார், மற்ற இரு மாகாணங்களையும் பணியச் சொன்னார். ஐந்தே நாட்களில் எல்லாம் முடிந்தது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன், அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. மக்களின் உயிரைக் காக்க எண்ணினார் என்பது உண்மை, ஆனால் அந்த மக்களிலேயே போரிட விரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிறகு அவர் தம் அரச உடைகளையும் முத்திரையையும் தலைநகர் ஹுவேக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, உண்ணாமல் கிடந்து, அப்படியும் உயிர் போகாததால் நஞ்சருந்தி ஆகஸ்டு 4 அன்று இறந்தார். அவருடைய மகன்கள் இருவர் அதே ஆண்டு பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து ஆயுதம் ஏந்தினார்கள்.

'தேசபக்தரா, துரோகியா' என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே நான்கு தலைமுறைகள் கேட்டுவிட்டன. அரசர் து டுக் அவருடைய பட்டங்களைப் பறித்து, ஹுவேயில் தேர்வு வென்றோரின் கல்வெட்டிலிருந்து அவர் பெயரை உளியால் செதுக்கி நீக்கச் சொன்னார். 1886இல் இன்னோர் அரசர் அதைத் திருப்பிக் கொடுத்தார். 1963இல் ஹனோயின் வரலாற்றறிஞர்கள் மறுபடியும் அவரைக் குற்றவாளி என்றார்கள். 1975இல் போர் முடிந்த பிறகு தெற்கின் தெருக்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் அவர் பெயர் போயிற்று. பின்னர் மெல்லத் திரும்பி வந்தது. உளி பிடித்த ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் தீர்ப்பு தெளிவாகத் தெரிந்ததாக நம்பினார்கள். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்த நீங்களும் அந்த உளியை எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அந்தக் காலத்தில் வாழ்ந்து எல்லாவற்றையும் இழந்த ஒருவரைப் பாருங்கள். பார்வையிழந்த கவிஞர் நுயென் டின் சியூ, கான் ஜுவோக் என்ற ஊரில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து மூங்கில் ஈட்டிகளோடு மோதி இறந்த உழவர்களுக்கு இரங்கல் பாடியவர். ஃபானை நாட்டை விற்றவர் என்று சாடிய கிளர்ச்சிப் படையின் தலைவர் ட்ருவாங் டினுக்கும் இரங்கற்பாக்கள் எழுதியவர். அதே கவிஞர் ஃபானுக்கும் அழுது பாடினார். இருவரையும் ஒரே நெஞ்சில் வைக்க அவரால் முடிந்தது. நீங்கள் கண்ட ஊதுவத்தி அந்த நெஞ்சிலிருந்து வருவது. கோட்டையைக் கொடுத்த நாளுக்காக எவரும் அதை ஏற்றவில்லை.

கோயில் கட்டியதால் என்ன விளைந்தது என்று இன்னும் ஐயம் இருந்தால், நுயென் தோங்கைப் பின்தொடருங்கள். மேற்கு மாகாணங்களும் வீழ்ந்த பிறகு அவர் அந்நிய ஆட்சியில் இருக்க மறுத்து வடக்கே பின் துவான் பகுதிக்குப் பெயர்ந்தார். அவருடைய மகன்கள் 1907இல் அங்கே ஃபான் தியெத் நகரில் டுக் தான் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். 1910இல் அங்கே ஓர் இளைஞர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் சைகோனிலிருந்து கப்பலேறிய அவரை உலகம் பின்னாளில் ஹோ சி மின் என்று அறிந்தது.

வின் லாங் கோயிலையும் பிரெஞ்சுக்காரர்கள் இடிக்க எண்ணினார்கள். உள்ளூர்ச் செல்வந்தர் ஒருவர் முன்னின்று மன்றாடிக் காப்பாற்றினார். அதனால்தான் நீங்கள் ஏமாற்றமடைவதற்கு அங்கே ஒரு கட்டடம் இருந்தது.

நூலைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது பா ட்ரி மறுபடியும் வின் லாங் மாகாணத்துக்குள் வந்துவிட்டது. அடுத்த முறை போனால் பாவ் தானுக்குச் செல்லுங்கள். ஆசிரியரின் கல்லறையும் ஃபானின் கல்லறையும் அதே ஊரில் இருக்கின்றன. முதலில் ஆசிரியரிடம் போங்கள். ஃபான் இறக்கும்போது தம் பதவிகள் எதையும் பொறிக்க வேண்டாம் என்றும், எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் கடலோரத்து முதிய மாணாக்கன் என்று மட்டும் எழுதினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்புடன்.