இரவு ஒன்பது மணிக்கு மாஸ்கோவில்

கேள்வி: செர்னோபில் அணு உலை வெடித்த செய்தியை ரஷ்ய டிவி 20 வினாடியில் சொல்லி முடித்துவிட்டதாமே, உண்மையா? அது என்ன நிகழ்ச்சி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்மைதான். அது சோவியத் அரசு டிவியின் இரவுச் செய்தி நிகழ்ச்சி, பெயர் 'விரேம்யா'. ரஷ்ய மொழியில் காலம், நேரம் என்று பொருள். 1968 ஜனவரி 1 அன்று ஆரம்பித்தது. இரவு ஒன்பது மணி என்றால் விரேம்யா என்றே ஆகிப்போனது. மாஸ்கோவில் ஒன்பது அடிக்கும்போது விளாடிவொஸ்தோக்கில் விடிகாலை நாலு மணி என்பதால், கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் 'ஆர்பிட்டா' என்ற செயற்கைக்கோள் வலை வழியாக வேறு நேரத்தில் ஒளிபரப்பினார்கள்.

உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26, பின்னிரவு 1.23க்கு. மறுநாளே பக்கத்து ஊரான பிரிப்யாத்தில் கிட்டத்தட்ட 50,000 பேரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டிவியில் மூச்சே இல்லை. 28ஆம் தேதி காலையில் சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் ஷூவில் கதிர்வீச்சு இருப்பதாக அலாரம் அடிக்க, நம் உலை சரியாக இருக்கிறதே, இது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் அன்றிரவு விரேம்யாவில் நாலைந்து வரி வாசித்தார்கள். விபத்து நடந்திருக்கிறது, ஒரு உலை சேதம், நடவடிக்கை எடுக்கப்படுகிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி போகிறது, அரசு கமிஷன் போட்டாயிற்று. அவ்வளவுதான்! கதிர்வீச்சு என்ற சொல்லே கிடையாது, ஊரைக் காலி செய்ததும் கிடையாது.

கேள்வி: அப்படியானால் அதை யார் பார்த்தார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: எல்லோரும்தான்! வேறு என்ன இருந்தது? இசையமைப்பாளர் ஸ்விரிதோவின் அதிரடி இசையோடு தொடங்கும், இகோர் கிரில்லோவ் போன்றவர்கள் கோட்டு டையில் கல் மாதிரி உட்கார்ந்து வாசிப்பார்கள். முதலில் தலைவர்கள், அப்புறம் வயலும் தொழிற்சாலையும், அப்புறம் வெளிநாடு, விளையாட்டு, கடைசியில் வானிலை. வேடிக்கை என்னவென்றால், மேற்கு நாடுகளைத் திட்டித் தீர்த்துவிட்டு வானிலைக்குப் போடும் மெட்டு பிரெஞ்சுக்காரருடையது. அதுவும் 'மான்செஸ்டரும் லிவர்பூலும்' என்ற பாட்டின் மெட்டு!

கேள்வி: ஆட்சிக் கவிழ்ப்பு நாளில் பாலே போட்டார்களாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: 1991 ஆகஸ்ட் 19. சோவியத் அதிபர் கோர்பச்சேவை கிரைமியாவில் அடைத்துவிட்டு, டிவியில் 'ஸ்வான் லேக்' ஓடவிட்டார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அன்றிரவு விரேம்யா. சதிக்காரர்களின் அறிக்கைகளுக்கு நடுவே செர்கேய் மெத்வெதேவ் என்ற நிருபரின் தொகுப்பு ஒன்று நுழைந்துவிட்டது. அதில் சதியை எதிர்த்த ரஷ்யக் குடியரசின் அதிபர் யெல்ட்சின் டாங்கி மேல் ஏறி நின்று பேசுகிறார். எதிர்க்க ஓர் ஆள் இருக்கிறார் என்று நாடு முழுக்க அரசு டிவியிலேயே பார்த்துவிட்டது. சதி மூன்று நாளில் புஸ்ஸென்று போனது. அந்த மாதமே விரேம்யா என்ற பெயரையும் தூக்கிவிட்டார்கள். 1994 டிசம்பரில் பெயர் திரும்பி வந்தது.

கேள்வி: இப்போதும் வருகிறதா? (அதே ஈரோடு வாசகர்)

பதில்: வருகிறது, சேனல் ஒன்னில், அதே ஒன்பது மணிக்கு. அரசு சொல்வதைச் சொல்வதிலும் பெரிய மாற்றமில்லை. 2022 மார்ச் 14 அன்று, உக்ரைன் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், எகதெரினா அந்திரேயெவா நேரலையில் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதே சேனலின் ஊழியர் மரீனா ஒவ்சியானிகோவா பின்னால் வந்து 'பிரச்சாரத்தை நம்பாதீர்கள், இங்கே உங்களிடம் பொய் சொல்கிறார்கள்' என்று கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு போர் வேண்டாம் என்று கத்துகிறார். அந்திரேயெவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசித்துக்கொண்டே போனார். சில வினாடிகளில் திரையில் வேறு காட்சி வந்துவிட்டது.