சிங்கம் பொறித்த பொத்தானுக்கு ரெஜிமென்ட் கிடையாது

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில், பழைய வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். தோட்டத்தைக் கொத்தும்போது ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. பின்பக்கம் 'பர்மிங்காம்' என்று இருக்கிறது. எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு), எந்தச் சிப்பாயுடையது என்று கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இது பிரிட்டிஷ் ராணுவத்தின் பொதுப் பொத்தான். 1871-இல் பெரும்பாலான காலாட்படைச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பொத்தானை நிறுத்திவிட்டு, அரச சின்னம் பொறித்த இதைக் கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான காக்கிச் சட்டைகளில் இருந்ததும் இதுதான். இதை வைத்து ஆளின் பெயரைச் சொல்கிறேன் என்றால் பச்சைப் பொய்.

'பர்மிங்காம்' என்பது செய்த ஊர். 'ஃபர்மின்' என்று இருந்தால் அது கம்பெனிப் பெயர். இதையெல்லாம் படைப்பிரிவின் பெயராக்கி விலையேற்றுவதே தரகர்களின் பிழைப்பு.

காலத்தை மட்டும் ஓரளவு சொல்லலாம். கிரீடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வளைவு நடுவில் பள்ளம் விழாமல் உருண்டு எழுந்திருந்தால் 1901 முதல் 1952 வரையிலான மன்னர் காலத்தது. அதற்குள் இரண்டு போர்களும் அடக்கம்.

ரெஜிமென்ட்டைக் காட்டும் பொத்தான்களும் உண்டு. அதில் ரைஃபிள் படைகள் என்ற காலாட்படை ரெஜிமென்ட்களுடையதைச் சொல்லியாக வேண்டும், அங்கே ஏமாற்று உண்டு. அவர்களுடையது கறுப்பு, விலங்கின் கொம்பால் செய்தது, கிரீடமும் ஊதுகொம்பும் இருக்கும். பித்தளைக்குக் கறுப்புச் சாயம் பூசி இதுதான் என்று விற்கிறார்கள். கையில் எடுத்தால் கனம் சொல்லிவிடும், விளிம்பைச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். மண்ணில் கிடந்து கறுத்த பித்தளையும் ரைஃபிள் ஆகாது. ஊதுகொம்பு மட்டும் இருந்தாலும் போதாது. லைட் இன்ஃபன்ட்ரி என்ற இலகு காலாட்படைச் சின்னங்களிலும் அது உண்டு. கறுப்பு, கொம்பு, ஊதுகொம்பு மூன்றும் சேர வேண்டும்.

ஆளின் பெயர் தெரிந்தாலும் சிக்கல் தீராது. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் லண்டன் ஆவணக் கிடங்கு எரிந்து, முதல் போர்ச் சிப்பாய்களின் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. அப்புறம் எதைப் பார்த்து உறுதியாகச் சொல்கிறாராம் பணம் கேட்கிற அந்த ஆள்?

அந்தப் பணத்தில் 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கில் உங்கள் வீட்டு முகவரியைத் தேடுங்கள். அரசு எடுத்த கணக்கை வீட்டிலிருந்து பார்க்கக் காசு கட்டச் சொல்வது அநியாயம்தான். ஆனாலும் அப்போது அந்த வீட்டில் இருந்தவர்களின் உண்மையான பெயர்கள் அதில் இருக்கின்றன. பொத்தானை பிராஸோ (பித்தளையைப் பளபளப்பாக்கும் திரவம்) போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், கிரீடத்தின் கோடு அழிந்துவிடும்.